பாரம் தூக்கப் பழகுவோம்

சென்ற மார்ச்சு மாதத்தில் ஒரு பிற்பகல். மறுநாள் அரசுப் பொதுத்தேர்வு தொடக்கம். தேர்வு அறைகளில் மிகுதியாய்க் கிடந்த பெஞ்சுகளை எடுத்துத் தாழ்வாரத்தில் போடவேண்டியிருந்தது. உதவிக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவியரை அழைத்தோம். எங்களைவிட ஒரு சாண் உயரமாக வளர்ந்து நிற்கும் பெண்கள், ஆர்வத்தோடுதான் ஓடிவந்தார்கள். ஒரு பெஞ்சுக்கு நான்கு பேர் கைகொடுத்தார்கள். சில பெஞ்சுகள் தரையைவிட்டு எழும்பவே இல்லை. எழும்பியவையும் பத்தடி தூரம் போவதற்குள் இருமுறை இறக்கி வைக்கப்பட்டன. "மிஸ், கை வலிக்குது" என்ற குரல் நாலாபுறமும் கேட்டது. அந்தக் காலத்துத் தேக்குப் பெஞ்சுகள், கனமானவைதாம். ஆனால் அவ்வளவு கனமா?

அப்போது எங்கள் ஆயாம்மா வந்தார். அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கும் வயது. முந்தானையை இடுப்பில் செருகினார். "தள்ளுங்க பாப்பா" என்று சொல்லி, முழங்காலை மடக்கிக் குனிந்து, பெஞ்சின் ஒரு முனையைத் தாம் ஒருவராகவே தூக்கிவிட்டார். மறுமுனைக்கு மூன்று மாணவியர் தேவைப்பட்டனர். எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். வீட்டுக்குப் போன பிறகுதான் அந்தச் சிரிப்பு எங்களை உறுத்தத் தொடங்கியது. ஏனென்றால், மாணவியர்க்கு வழிகாட்டுவதாக எண்ணி இரண்டு பெஞ்சுகளுக்குக் கைகொடுத்த எங்களில் ஒருவருக்கு மூன்று நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது!

இந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் சோம்பேறிகள் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து ட்யூஷனுக்குப் போய், பள்ளிக்கு வந்து, மாலையில் மீண்டும் ஒரு ட்யூஷன் முடித்து, இரவு பத்து மணிவரை வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளையைச் சோம்பேறி என்பது எந்த ஊர் நியாயம்? அவள் ஓய்வின்றித்தான் உழைக்கிறாள். ஆனால் அவ்வளவையும் உட்கார்ந்தபடியே செய்கிறாள். அந்த நாள் முழுதும் அவள் தூக்குகிற பாரம் புத்தகப் பை ஒன்றுதான். அதையும் பல வீடுகளில் தகப்பனார் வாங்கி வண்டியின் முன்புறம் வைத்துக்கொள்கிறார்.

உங்கள் பாட்டியைக் கேட்டுப்பாருங்கள். ஒரு குடம் தண்ணீர் ஏறக்குறைய 15 கிலோ. விடிவதற்குள் இருபது குடம் இறைத்து நிரப்பியவள், காலைக் காப்பிக்கு முன்னரே 300 கிலோ தண்ணீரைக் கிணற்றிலிருந்து மேலே இழுத்திருக்கிறாள். பிறகு ஆட்டுக்கல்லில் இட்லிக்கு மாவு, அம்மியில் குழம்புக்கு மசாலா, உரலில் உலக்கை. தோளும் முதுகும் இடுப்பும் முன்கையும் நாள்தோறும் வேலை செய்தன. உடற்பயிற்சி என்ற சொல்லையே அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

பின்னர் யந்திரங்கள் வந்தன. 1950களில் கோயம்புத்தூரில் மின்சார மாவரைக்கும் கல் பிறந்தது. அதன் பின்னே மிக்சி வந்தது. மோட்டார் வைத்தவுடன் கிணற்று ராட்டினம் துருப்பிடித்தது. 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியபின் குடிசைகளிலும் அம்மிக்கு ஓய்வு கிடைத்தது. இது நல்லதே. மிகவும் நல்லதே என்று அழுத்திச் சொல்கிறோம். ஆட்டுக்கல் முன்னே உட்கார்ந்த நேரமெல்லாம் ஒரு பெண் புத்தகத்தின் முன்னே உட்காராத நேரம். தண்ணீர்க் குடத்துக்காகப் பள்ளியை விட்டு நின்ற பெண்களின் பெயர்கள் எங்கள் பழைய வருகைப் பதிவேடுகளில் இருக்கின்றன. "அந்தக் காலத்திலே நாங்கள்..." என்று ஆரம்பித்து மிக்சியைப் பழிக்கும் பெரியவர்களோடு நாங்கள் சேரமாட்டோம். அப்படிப் பழிப்பவர்களில் பெரும்பாலோர் அம்மியில் அரைத்தவர்கள் அல்லர், அரைத்ததை உண்டவர்களே என்பதையும் கவனித்திருக்கிறோம்.

ஆனால் கல் வீட்டைவிட்டுப் போனபோது, கல்லோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விட்டது. உடலுக்குத் தினமும் கிடைத்துவந்த சுமை போய்விட்டது. அதற்கு மாற்றாக நாம் எதையும் கொண்டுவரவில்லை. பாயில் படுத்து எழுந்த காலத்தில், தரையில் அமர்ந்து உண்டு எழுந்த காலத்தில், நம் தொடைகளும் இடுப்பும் தம்மையறியாமலே உறுதிபெற்றன. இன்று கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து வண்டி, வண்டியிலிருந்து பெஞ்சு. கோயிலில் முழந்தாளிட்டு எழும்போது முன்னிருக்கையைப் பற்றிக்கொண்டு எழுபவர்கள் முன்பெல்லாம் முதியோராக இருந்தார்கள். இப்போது நாற்பது வயதுத் தாய்மாரும் அப்படித்தான் எழுகிறார்கள். (எங்களையும் சேர்த்தே சொல்லுகிறோம்.)

உட்கார்ந்தே இருப்பது உடலுக்குத் தீங்கு என்பது இன்று நேற்றுக் கண்டுபிடித்த செய்தியன்று. இங்கிலாந்தில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாநகரின் பேருந்து ஊழியரை ஆராய்ந்து 1953ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். அவை இரண்டடுக்குப் பேருந்துகள். ஓட்டுநர் நாள் முழுதும் இருக்கையில் இருப்பார். நடத்துநரோ மாடிப்படி ஏறி இறங்கியபடியே இருப்பார். நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள். ஊர் ஒன்று, பேருந்து ஒன்று. ஆனால் மாரடைப்பு ஓட்டுநர்களையே அதிகமாகத் தாக்கியது. படியேறியவர்களுக்கு அது குறைவாகவும், வந்தாலும் பெரும்பாலும் காலம் தாழ்த்தியும் வந்தது. இன்று நம் பிள்ளைகளையெல்லாம் நாம் ஓட்டுநர் இருக்கையில்தான் உட்கார வைத்திருக்கிறோம்.

"அதற்குத்தான் நடைப்பயிற்சி செய்கிறோமே!" என்று பெற்றோர் சிலர் கூறலாம். விடியற்காலையில் பள்ளி மைதானத்தைச் சுற்றி வரும் தந்தையரையும் தாய்மாரையும் நாங்கள் அறிவோம், பாராட்டுகிறோம். நடை இதயத்துக்கு நல்லது, மனத்துக்கும் நல்லது. ஆயினும் நடை ஒன்று மட்டும் போதாது. நடக்கும்போது தோள் எதையும் தூக்குவதில்லை; கை எதையும் இழுப்பதில்லை; முதுகு எதையும் தாங்குவதில்லை. தசைக்கு ஒரு குணம் உண்டு: கேட்டதைத்தான் கொடுக்கும். தான் எளிதாகத் தாங்கக்கூடியதைவிடச் சற்றே அதிகமான பாரம் வந்தால்தான் வலுவாகும். பாரம் வராவிட்டால் மெலியும். முப்பது வயதைக் கடந்த பின், பயன்படுத்தாத தசை பத்தாண்டுக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை குறைகிறது என்றும், அறுபதுக்குப் பின் அது இன்னும் விரைகிறது என்றும் மருத்துவர்கள் கூறுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிவுரையில் பெரியவர்கள் நடை, ஓட்டம் தவிர வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்யவேண்டும் என்று தனியாகவே சொல்லியிருக்கிறது. பிள்ளைகளுக்கும் இளைஞருக்கும் தினமும் ஒரு மணி நேர உடலுழைப்பு வேண்டுமாம். அதில் வாரம் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் உறுதியாக்கும் முயற்சிகள் சேரவேண்டுமாம்.

தசை என்றவுடன் பயில்வானின் புஜம்தான் நம் கண்முன் வருகிறது. வீட்டு வேலையாகப் பார்த்தால் தசை ஒரு பெரிய களஞ்சியம். நாம் உண்ணும் சோற்றிலிருந்தும் இட்லியிலிருந்தும் இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிச் சேமித்துக்கொள்வது தசைதான். களஞ்சியம் சுருங்கினால் நெல் முற்றத்தில் கிடக்கும். சர்க்கரை இரத்தத்தில் கிடக்கும். அதுமட்டுமன்று. வேலை செய்யும் தசை, இன்சுலினின் உதவியை எதிர்பாராமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளவும் வல்லது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர்க்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இதைப் படிக்கும் வீடுகளில் மாத்திரை டப்பா இல்லாத வீடு எத்தனை?

காலம் கடந்துவிட்டதே என்று கவலைப்படுவோர்க்கு ஒரு செய்தி. 1990ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாத்தரோனி என்ற பெண் மருத்துவரும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். முதியோர் காப்பகம் ஒன்றில் இருந்த 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேர்! எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று முறை, தொடைத் தசைகளுக்குப் பாரம் தூக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. ஒப்புக்குத் தூக்கும் சிறு பாரம் அன்று. அவரவர் வலிமைக்கேற்ற உண்மையான பாரம். பயிற்சியை முடித்தவர்கள் ஒன்பது பேர். அவர்களுடைய தொடை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது முன்பு இருந்ததைப்போல் இரண்டே முக்கால் மடங்காயிற்று. இருவர் தங்கள் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். தொண்ணூறு வயதில் முடிந்தது, நாற்பதில் முடியாதா? எங்கள் மடத்து மூத்த அருட்சகோதரியரிடம் இதை வாசித்துக் காட்டியபோது, ஒருவர், "எனக்கு எண்பத்திரண்டுதானே, இன்னும் நாலு வருஷம் இருக்கிறது" என்றார்.

எனினும் எங்கள் பேச்சு முக்கியமாக மாணவியர்க்காகத்தான். எலும்பைப் பற்றி ஓர் உண்மை உண்டு. ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறப்போகும் எலும்பு வலிமையின் மிகப் பெரும் பகுதியைப் பதினெட்டு வயதுக்குள் சேர்த்துவிடுகிறாள். அது ஒரு சேமிப்புக் கணக்கு. இளமையில் போட்டு வைத்ததைத்தான் முதுமையில் எடுத்துச் செலவிட முடியும். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களின் எலும்பு விரைவாகக் கரையும். அப்போது குளியலறையில் ஒருமுறை வழுக்கினாலே இடுப்பெலும்பு முறியலாம். எலும்பு உறுதிபெறச் சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் வேண்டும். அவற்றோடு பாரமும் வேண்டும். குதித்தல், தூக்குதல், தாங்குதல் ஆகிய இவற்றின் அழுத்தம் படும்போதுதான் எலும்பு, "நான் இன்னும் கெட்டியாக வேண்டும்" என்று உணர்ந்துகொள்கிறது. அந்தப் பதினெட்டு வயதும் கழிவது எங்கே? எங்கள் பெஞ்சுகளில்.

இங்கேதான் எங்கள் குற்றத்தை நாங்களே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்பின் கால அட்டவணையைப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு உடற்கல்விப் பாடவேளைகள் அழகாக எழுதப்பட்டிருக்கும். காலாண்டுத் தேர்வு வரை அவை நடக்கும். அதன்பின் கணித ஆசிரியை ஒன்றைக் கேட்பார், பி.டி. டீச்சர் மறுக்கமாட்டார். அரையாண்டுக்குப் பின் மற்றொன்றும் அறிவியலுக்குப் போய்விடும். பன்னிரண்டாம் வகுப்பிலோ, அது ஜூன் மாதத்திலேயே போய்விடும். இப்படி இரவல் வாங்கியவர்கள் யார் எனில், இந்த மலரைத் தொகுக்கும் நாங்களேதான். ஒரு தடவையாவது திருப்பிக் கொடுத்தோமா என்று யோசித்துப் பார்த்தோம். இல்லை. பி.டி. டீச்சருக்கு நாங்கள் விட்டுவைத்த வேலை, காலை வணக்கத்தில் வரிசையை நேராக்குவதும், நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும், ஆண்டு விளையாட்டு விழாவுக்கு அணிவகுப்புப் பழக்குவதுந்தான். அந்த விழாவிலும் ஓடுகிற நாற்பது பேரை எஞ்சிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். விளையாட்டு என்பது வெல்லத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தை அப்படித்தான் விதைத்துவிட்டோம்.

இன்னொரு குற்றமும் உண்டு. தோப்புக்கரணம்! தொடைக்கும் இடுப்புக்கும் அதைவிட எளிய, செலவற்ற பயிற்சி உண்டா? அதை எதற்குப் பயன்படுத்தினோம்? வீட்டுப்பாடம் எழுதாதவளை வகுப்பின் முன்னே நிறுத்தி ஐம்பது போடச் சொன்னோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இத்தகைய தண்டனைகளைத் தடை செய்துவிட்டது. சட்டம் வருமுன்னரே நாங்கள் நிறுத்தியிருக்க வேண்டும். உடலைப் பலப்படுத்தும் ஒன்றை அவமானமாக மாற்றிப் பல தலைமுறைப் பெண்களுக்குக் கொடுத்தோம். காதைப் பிடிக்காமல், எவர் முன்னும் தலைகுனியாமல், கைகளை முன்னே நீட்டி அதே அசைவைச் செய்தால் அது முதல்தரமான உடற்பயிற்சி.

பெற்றோர் சந்திப்பு நாளன்று இந்த எண்ணத்தை மெல்ல எடுத்துச் சொன்னோம். எழுந்த ஐயங்கள் பல. "பெண்பிள்ளைக்குக் கை ஆம்பிளைக் கை மாதிரி ஆகிவிடுமே, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்லுவார்கள்?" என்று ஒரு தாய் கேட்டார். ஆண்களின் தசை திரண்டு பெருப்பதற்குக் காரணமான சுரப்புநீர் பெண்களின் உடலில் ஆண்களுக்கு உள்ளதில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. மேலும், முதல் சில வாரங்களில் கூடும் வலிமை தசை பருப்பதால் வருவதன்று. உள்ள தசையை முழுமையாகப் பயன்படுத்த நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருவது. பயில்வான் போலாவது அத்தனை சுலபமாக இருந்தால் உடற்பயிற்சிக் கூடத்து இளைஞர்கள் ஏன் அத்தனை பாடுபடுகிறார்கள்? மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மருமகள் கேஸ் சிலிண்டரை நகர்த்த முடியாதவளாக இருக்கவேண்டும் என்று எவரும் இதுவரை நிபந்தனை போட்டதாக நாங்கள் கேள்விப்படவில்லை.

"கனம் தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும்" என்று மற்றொரு தாய் தாழ்ந்த குரலில் சொன்னார். இந்த அச்சத்தை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. பிள்ளை பெற்ற சில நாட்களுக்குள் வயலுக்கும் சித்தாள் வேலைக்கும் போக நேர்ந்த பெண்கள் பட்ட துன்பம் அந்த வார்த்தைக்குள் இருக்கிறது. ஆனால் உடல்நலமுள்ள பள்ளிச் சிறுமி, மூன்று கிலோவில் தொடங்கி, மூச்சை அடக்காமல், முறையாகப் பழகித் தூக்குவது வேறு. ஏற்கெனவே நோயுள்ளவர்களும் புதிதாய்ப் பிள்ளை பெற்றவர்களும் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும். "உயரம் நின்றுவிடாதா?" என்றார் ஒரு தந்தை. நிற்காது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2020இல் வெளியிட்ட அறிக்கையில், தகுந்த மேற்பார்வையில் முறையாகச் செய்யும் வலிமைப் பயிற்சி சிறுவர் சிறுமியர்க்குப் பாதுகாப்பானது என்றே கூறியிருக்கிறது. மாதவிலக்கு நாட்களைப் பற்றியும் கேட்டார்கள். வலியிருந்தால் ஓய்வு, வலியில்லாதவள் விரும்பினால் செய்யலாம். அந்த முடிவை அந்தப் பிள்ளையிடமே விட்டுவிடுவதுதான் நல்லது.

பெண்கள் பாரம் தூக்குவது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான பழக்கம் என்றும் எண்ணவேண்டாம். நம் கிராமங்களில் இளவட்டக்கல் தூக்கிய வாலிபருக்குத்தான் பெண் கொடுத்தார்கள் என்று கதையாகக் கேட்டிருக்கிறோம். நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலையொட்டி நடக்கும் போட்டியில் பெண்களும் அக்கல்லைத் தூக்குகிறார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கான பளுதூக்கும் போட்டி முதன்முதலாக இடம்பெற்றது 2000ஆம் ஆண்டில், சிட்னி நகரில். அந்த முதல் ஆண்டிலேயே ஆந்திர நாட்டின் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தாம். ஓடியோ நீந்தியோ அன்று, பாரம் தூக்கி! 2021இல் டோக்கியோவில் வெள்ளிப் பதக்கம் வென்ற மணிப்பூர் மீராபாய் சானு பங்கேற்றது 49 கிலோ எடைப் பிரிவில். தூக்கியது இருமுறையும் சேர்த்து 202 கிலோ. சிறு வயதில் விறகுக் கட்டுச் சுமந்து பழகிய தோள்கள் அவருடையவை. நம் பிள்ளைகள் எல்லாரும் ஒலிம்பிக் போக வேண்டுமென்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு பெஞ்சைத் தூக்கட்டும்.

எப்படித் தொடங்குவது? சிறிதில் தொடங்கி, பழகப் பழகச் சிறிது சிறிதாகப் பாரத்தைக் கூட்ட வேண்டும். அதுதான் இக்கலையின் இரகசியம். அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், போரில் காயமுற்ற வீரர்களின் கால்களை இந்த முறையால்தான் தேற்றி, 1945இல் அதை எழுதி வெளியிட்டார். அதற்கு முன்பு மெலிந்த காலுக்குப் பாரம் கொடுக்க மருத்துவர்கள் அஞ்சினார்கள்.

நாங்கள் எண்ணியிருப்பது வாரத்தில் இரண்டு நாள், இருபத்தைந்து நிமிடம். உட்கார்ந்து எழுதல், தரையிலுள்ளதை முதுகு வளையாமல், இடுப்பிலும் முழங்காலிலும் மடங்கி எடுத்தல் (ஆயாம்மா பெஞ்சைத் தூக்கிய விதம்), சுவரில் கையூன்றித் தள்ளுதல், பிறகு பெஞ்சில், பின்னர் தரையில், கயிற்றில் கட்டிய பாரத்தை நின்ற இடத்திலிருந்து இழுத்தல், கடைசியில், இரண்டு கையிலும் தண்ணீர் நிரம்பிய வாளியோடு தாழ்வாரத்தை ஒருமுறை சுற்றி வருதல். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்; ஆகவே எடைக்கல் வாங்கக் காசு தேவையில்லை. எட்டுப் பத்து முறை செய்தபின் இன்னும் இரண்டு முறைதான் முடியும் என்று தோன்றுமளவு பாரம் சரியானது. பன்னிரண்டு முறை சிரமமின்றி வந்துவிட்டால் அடுத்த வாரம் ஒரு கிலோ கூட்டலாம். மூட்டில் சுருக்கென்று வலித்தால் அங்கேயே நிறுத்தவேண்டும். அடுத்த நாள் தசையில் வரும் மந்தமான வலிக்குப் பயப்பட வேண்டியதில்லை.

தூக்குவதற்கு முன் உண்ணவேண்டும். இதை மிகவும் கண்டிப்பாகச் சொல்லவேண்டியிருக்கிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. இரத்தமில்லாத உடலில் எந்தப் பாரத்தை ஏற்றுவது? வாரந்தோறும் வகுப்பில் தரும் இரும்புச்சத்து மாத்திரைகளை நாங்கள் பெஞ்சின் அடியிலும் பூந்தொட்டியிலும் கண்டெடுத்திருக்கிறோம். வளர்த்தவர்களை அறியாத செம்பருத்திச் செடிகள்தாம் எங்கள் பள்ளியில் மிகவும் ஆரோக்கியமாக இருக்கின்றன! மாணவியரே, அதை விழுங்குங்கள். காலை உணவைத் தள்ளிவிட்டு வராதீர்கள். "மெலிய வேண்டும்" என்று மதியச் சோற்றுப் பாத்திரத்தை மூடாமல் திறக்காமல் திருப்பி எடுத்துப்போகும் பழக்கத்தை உங்கள் தாய்மார் அறியாவிட்டாலும் நாங்கள் அறிவோம். ஒரு முட்டை, ஒரு கை வேர்க்கடலை, ஒரு கிண்ணம் சுண்டல், முருங்கைக் கீரை. விலை உயர்ந்த மாவு டப்பாக்கள் எதுவும் தேவையில்லை. வீட்டில் அண்ணனுக்கு முட்டை, தங்கைக்குக் குழம்பு என்ற வழக்கம் இன்னும் இருக்குமானால், பெற்றோரே, அதை இன்றே மாற்றுங்கள்.

ஆயாம்மாவிடம் இக்கட்டுரையைப் பற்றிச் சொன்னோம். "எனக்குத் தோள்பட்டை ராத்திரியெல்லாம் வலிக்கும் டீச்சர், அதையும் எழுதுங்க" என்றார். எழுதிவிட்டோம். பசிக்காகப் பாரம் சுமப்பவர்க்கு அளவு கிடையாது, ஓய்வு கிடையாது, இன்று வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் கிடையாது. நாங்கள் பிள்ளைகளுக்குக் கேட்பது அந்தச் சுமையை அன்று. இருபத்தைந்து நிமிடத்தில் இறக்கி வைக்கக்கூடிய பாரம். இதில் இன்னொரு காரியமும் செய்தாக வேண்டும். அடுத்த மார்ச்சில் அந்தப் பெஞ்சுகளைப் பிள்ளைகளும் ஆசிரியைகளும் தூக்கவேண்டும், ஆயாம்மா அல்ல.

தலைமை அருட்சகோதரியாரிடம் எங்கள் வேண்டுகோளை எழுத்தில் கொடுத்திருக்கிறோம். வரும் ஜூன் முதல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளின் உடற்கல்விப் பாடவேளையை ஆண்டு முடியும்வரை எவரும் எக்காரணத்தாலும் வாங்கக்கூடாது. வாங்கினால் அடுத்த வாரமே தம் பாடவேளையைத் திருப்பித் தரவேண்டும். கணித ஆசிரியையும் கையெழுத்திட்டிருக்கிறார், சற்று யோசித்த பிறகு. மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று அவருக்குக் கவலை. ஓராண்டு பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறோம்.

இதற்கிடையில் தையல் வகுப்புப் பிள்ளைகள் பழைய சீருடைத் துணியில் பைகள் தைத்து, மணல் நிரப்பி, 3, 5, 8 கிலோ எனச் சிவப்பு நூலால் எண் போட்டு வருகிறார்கள். இதுவரை பதினொரு பைகள் முடிந்திருக்கின்றன. முதல் மூன்று பைகள் ஓரம் பிரிந்து மணலைக் கொட்டிவிட்டன. சீருடைத் துணி அவ்வளவு தாங்கவில்லை. வீட்டில் பழைய ஜீன்ஸ் கால்சட்டை இருந்தால் துவைத்து, பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். ஒரு காலில் ஐந்து கிலோ பை ஒன்று வரும்.